தளை தட்டும் இடம்

முகத்துக்கு முன்னால் எனக்கு
அவள் பாதங்கள்தாம் அறிமுகம்.

இடது: குதிகால், உள்ளங்கால், விரல்.
வலது: விரல்.
விரல்.
மறுபடியும் விரல்.
குதிகால் விழவேண்டிய இடத்தில்
திரையில் ஒரு தட்டைக் கோடு.

மில்லாராய். ஒன்பது வயது.
வால்பரைசோவில் ஒரு குன்றின் இடுப்பில் வீடு,
தெருவிலிருந்து நூற்று அறுபத்திரண்டு படி.
பிறந்த அன்று மூளைக்கு மூச்சு எட்டவில்லை
என்று கோப்பில் ஒற்றை வரி.
மீதிக் கதையை வலது கெண்டைக்கால்
இறுக்கிப் பிடித்திருக்கிறது,
யாரிடமும் கொடுக்காமல்.

முழங்காலுக்குக் கீழே நாங்கள் கட்டும் பட்டை
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
கால் தரையை விடும் கணம் பார்த்து
நரம்புக்கு ஒரு சொடுக்கு;
பாதம் நிமிரும்.
'எறும்பு' என்று பெயர் வைத்தாள்.
முதல் வாரம் எறும்பைத் திட்டினாள்.
இரண்டாம் வாரம்,
கடிக்கும் முன்பே பாதத்தைத் தூக்கி
அதை ஏமாற்றப் பார்த்தாள்.
அதுதானே எங்களுக்கும் வேண்டும்,
அவளிடம் சொல்லவில்லை.

அம்மா ஒரியெட்டா டிராலிபஸ் ஓட்டுகிறாள்.
விளக்கப் படம் எடுத்து வைத்தேன்.
"வேண்டாம், புரிகிறது" என்றாள்.
"வளைவில் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுவிடும்.
நான் இறங்கி, பின்னால் போய்,
கயிற்றை இழுத்து மாட்டிவிட்டு வருவேன்.
மழையிலும்தான்.
உங்கள் டப்பா எனக்குப் பதிலாக இறங்குகிறது,
அவ்வளவுதானே?"
அவ்வளவுதான்.
படத்தை மடித்து வைத்தேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
வழக்கமாக இரண்டாயிரத்துச் சொச்சம் அடி வைப்பவள்
ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினான்கு.
அரைமணி நேரம்
நான் அதிசயத்தை நம்பினேன்.
நாற்காலியை விட்டு எழுந்தே நின்றேன்,
வெட்கமில்லை சொல்ல.
அப்புறம் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால்
எந்தக் குழந்தைக்கும் இல்லாத வேகம்,
நடுவில் நாற்பது நிமிடம் வெயிலில் தூக்கம்,
தாளமோ மூன்று:
தொம் தொம் தொம், ஓர் இடைவெளி,
தொம் தொம் தொம்.

திங்கட்கிழமை கேட்டேன்.
ஒளிக்கவே இல்லை அவள்.
"கொச்சாயூயோ" என்றாள்.
கடற்பாசியின் பெயர்;
அந்தத் தெருவின் எல்லோருக்குமான நாய்,
பின்னங்கால் ஒன்றை
மீன் வண்டிக்குக் கொடுத்தது.
"எறும்பை அணைத்துவிட்டுத்தான் கட்டினேன்,
கடிக்காது.
அவனும் நொண்டுகிறான்,
அவனுக்கு யாரும் மார்க் போடவே இல்லை.
எவ்வளவு வாங்கினான்?"

கணக்கிட்டுச் சொன்னேன். முப்பத்தெட்டு.
அவளுடையது அறுபத்தொன்று.
பெருமைப்படுவாள் என்று நினைத்தேன்.
பட்டையின் ஓரத்தை நகத்தால் பிரித்து
ஒட்டி, பிரித்து,
"ஆனால் அவன் மேலே வரை மூன்று தடவை ஏறினான்.
உங்கள் கம்ப்யூட்டருக்குப் படிக்கட்டு தெரியாதா?"

தெரியாது.
அதற்குச் சமதரை மட்டும்தான் கற்றுக்கொடுத்தோம்,
பத்து மீட்டர் கூடம், வெள்ளை ஒளி,
யாரும் குறுக்கே வராத நடை.

டாக்டர் உர்ருத்தியா அந்த வரிசையை
நீக்கச் சொன்னார். நீக்கினேன்,
ஆய்வு ஆய்வுதான்.
வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருக்கிறது.

இப்போது அவளுக்கு எழுபது.
படிக்கட்டு தனிக் கணக்கு, புதிதாக எழுதினேன்,
இன்னும் பாதி தப்பு.
தினமும் மாலை, எண்பத்துநான்காம் படிக்கும்
எண்பத்தைந்தாம் படிக்கும் நடுவில்
இரண்டு நிமிடம்
அடியே இல்லை.
நிரல் சிவப்பில் கோடிடுகிறது:
சீர் கெட்டது, தளை தட்டுகிறது, சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன், ஒருநாள் நேரில் போய்.
நாய் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது,
இல்லாத காலால் முதலில்,
பிறகு இருக்கும் காலால்.
அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
வலது குதிகால்
தரையில்.